கிருஷ்ணராசாவுக்கு விழுந்த நான்கு வாக்குகள்

கிருஷ்ணராசா அண்ணைக்கு அரசியல் பேசத் தெரியாது. பொயிலர் திருத்தத் தெரியும். லண்டனின் செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் சுடுதண்ணீர் நின்றுபோனால் முதல் போன் அவருக்குத்தான் போகும். நத்தார் என்கிற கிறிஸ்மஸ் அன்று கூப்பிட்டால் அன்றே வருவார். பொங்கலன்று கூப்பிட்டால் பொங்கலைச் சாப்பிடாமல் வருவார். சப்பாத்தை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறை அலுமாரிக்குள் தலையை விட்டாரென்றால் வேலை முடியும்வரை அந்தத் தலை வெளியே வராது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை "நல்ல மனுசன்" என்பார்கள். ஒருவரை நல்ல மனுசன் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டால், சொல்லாமல் விட்ட ஒரு "ஆனால்" பின்னால் நிற்கிறது என்று அர்த்தம். அண்ணையின் விஷயத்தில் அந்த ஆனால் அவருடைய இங்கிலிஷ்.

நான் வாமதேவன். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். அவரை எனக்கு முப்பத்தெட்டு வருடமாகத் தெரியும். ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். நான் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் முடியவில்லை, அந்த முதல் கிழமையே காய்ச்சலில் விழுந்துவிட்டேன். முன்பின் தெரியாத மனிதர், மூன்று நாள் கஞ்சி காய்ச்சித் தந்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்கு "டேய் தேவன்".

ஜெர்மன்காரர் எங்களுக்கு ஒரு கடுதாசி தருவார்கள். டுல்டுங் என்று பெயர். அகதியாக ஏற்கவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, இப்போதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் வரிசையில் நின்று அதில் முத்திரை வாங்கவேண்டும். நான் இடையில் களவாக லண்டனுக்கு வந்துவிட்டேன். அண்ணை அந்தக் கடுதாசியோடு ஒன்பது வருடம் இருந்தார். "ஒன்பது வருசமா என்னைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கினம்" என்று சிரித்தபடி சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. பிறகு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்து, பிள்ளைகள் இங்கிலிஷ் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. ஜெர்மன் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். இங்கிலிஷ் மட்டும் கடைசிவரை அவருக்கு வளைந்து கொடுக்கவில்லை.

போன வருடம் ஆவணியில் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் ஒருவர் வேலை மாறிப் போக, இடம் காலியானது. இடைத்தேர்தலில் எங்கள் கட்சி யாரை நிறுத்துவது என்பதை இங்கே உறுப்பினர்கள்தான் கூடி வாக்குப்போட்டு முடிவு செய்வார்கள். மூன்று பேர் போட்டிக்கு வந்தார்கள். ஒருவர் டேவிட், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளைக்காரர். இன்னொருத்தி மரினா, எங்கள் தமிழ்ப் பிள்ளை, முப்பத்திரண்டு வயது வழக்கறிஞர், வாயைத் திறந்தால் இங்கிலிஷ் அருவியாகக் கொட்டும். மூன்றாவது கிருஷ்ணராசா அண்ணை.

எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்களுக்கு ஏன் அண்ணை இந்த வேலை?" என்று கேட்டேன்.

அவர் தன்னுடைய வேலை வானுக்குள் சாமான்களை அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "டேய் தேவன், அறுபத்திரண்டு வயசாச்சு. இண்டைவரைக்கும் என்னை ஆரும் வேணுமெண்டு சொல்லேல்ல. இருந்தா இருக்கட்டும் எண்டுதான் எல்லாரும் விட்டவை. ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஒரு மண்டபத்தில நாலு சனம் இருந்து இந்த ஆள்தான் எங்களுக்கு வேணுமெண்டு கை காட்டோணும். பிறகு எலெக்சன்ல தோத்தாலும் பரவாயில்லை."

நான் வானின் மற்றக் கதவைச் சாத்திக் கொடுத்தேன்.

பிரசாரம் என்றால் போன்தான். கட்சி உறுப்பினர் பட்டியல் வேட்பாளர்களுக்குக் கிடைக்கும். அண்ணையின் மகள் மிதுஷா அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றினாள். அவளுக்கு இருபத்தாறு வயது, ஏதோ புள்ளிவிவர வேலைதான் உத்தியோகமும். ஐந்து வயதில் லண்டனுக்கு வந்தவள், தமிழ் விளங்கும், கதைப்பாள், ஆனால் இங்கிலிஷில்தான் நினைப்பாள். கிழமைக்கு ஒருமுறை எல்லோருக்கும் போன் எடுத்து, அண்ணைக்கு என்றவர்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்கு என்றவர்களுக்குச் சிவப்பு, தெரியாது என்றவர்களுக்கு மஞ்சள் என்று நிறம் போட்டாள். அண்ணை, மனைவி நகுலேஸ்வரி, மகன் நிருஜன், மிதுஷா நால்வருமே கட்சி உறுப்பினர்கள். அந்த நான்கையும் தவிர்த்துவிட்டுத்தான் கணக்கு. அவ்வளவு நேர்மையான பிள்ளை.

முதல் கிழமை அண்ணைக்கு இருபத்திரண்டு, மரினாவுக்குப் பத்தொன்பது. இரண்டாம் கிழமை அண்ணை முப்பத்தைந்து, மரினா பன்னிரண்டு. மூன்றாம் கிழமை அண்ணை நாற்பத்தாறு, மரினா எட்டு. டேவிட் மட்டும் மூன்று கிழமையும் இருபத்தெட்டிலேயே நின்றார். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். பச்சை கூடக்கூட மனிதர் நிமிர்ந்து நடந்தார். தலைக்கு மை அடித்தார். ஒரு புதுக் கோட்டும் வாங்கினார்.

இரண்டாம் கிழமைத் தாளை நான் முழுக்கப் பார்க்காமலே மடித்துக் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் பச்சைகளில் ஒன்று நான்.

மிதுஷா எனக்குப் போன் எடுத்தபோது நடந்தது இதுதான். "தேவன் மாமா, அப்பாவுக்கு வோட் போடுவீங்கள்தானே?" என்றாள். நான், "ஓம் பிள்ளை, ஓம் ஓம், பாப்பம்" என்றேன். அப்போது என் மனம் மரினா பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணையை நிறுத்தினால் வெளியே தோற்போம், கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்று அவரால் நான்கு வசனம் பேச ஏலாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லி வைத்திருந்தேன். அதை அவருடைய மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே ஓம் என்றேன்.

யாழ்ப்பாணத்தானுடைய ஓமைப் பற்றி யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். ஒரு ஓம் என்றால் சரி. இரண்டு ஓம் என்றால், நீ சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல். அதோடு ஒரு "பாப்பம்" சேர்ந்துவிட்டால், இல்லை, இந்தப் பேச்சை இதோடு விடு என்று பொருள். வெள்ளைக்காரர்கள் அவளிடம், "நன்றி, நான் டேவிட்டுக்குத்தான்" என்று நேரே சொன்னார்கள். அதனால்தான் டேவிட்டின் எண்ணிக்கை அசையவில்லை. எங்கள் ஆட்களும் முதல் கிழமை உண்மையைத்தான் சொன்னார்கள்: மரினா பிள்ளை நல்லாக் கதைக்கிறா, இன்னும் யோசிக்கேல்ல என்றார்கள். மரினாவுக்கு என்று முடிவு செய்த பிறகுதான் அவர்களுக்குக் கூச்சம் வந்தது. கூச்சம் வந்ததும் மரியாதை கூடியது. ஓம் பிள்ளை, அப்பா எங்களுக்கு எவ்வளவு செய்தவர், ஓம் ஓம், பாப்பம் பிள்ளை. அவள் பச்சை போட்டுக்கொண்டே போனாள். அண்ணையை விட்டுப் போனவர்களெல்லாம் அவளுடைய தாளில் அண்ணையிடம் வந்து சேர்ந்தார்கள்.

நகுலேஸ்வரி அக்காவுக்கும் இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிறு நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தார். "இவ்வளவும் பச்சையோ பிள்ளை?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை அன்று பேரப்பிள்ளை பிறந்ததுபோலச் சந்தோசமாக இருந்தார்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மரினா எனக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், நீங்கள் அவருக்கு நெருக்கம் எண்டபடியால் கேக்கிறன்," என்றாள். "கிருஷ்ணராசா அங்கிளை இந்த முறை விலகச் சொல்லுங்கோ. மே மாசம் முழு எலெக்சன் வருது, மூண்டு இடம் இருக்கு. நானே அவற்ற பேரை முன்மொழியிறன். டேவிட்டும் ஓம் எண்டிட்டார். இந்த முறை நிண்டால் அவருக்கு மரியாதை இல்லாமப் போயிடும், அங்கிள். எனக்கு அது விருப்பமில்லை."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று மத்தியானமே அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"நாப்பத்தாறு சனம் என்னோட நிக்குது. அவையளை நடுத்தெருவில விட்டிட்டு நான் எப்பிடியடா விலகிறது? அவளுக்குப் பயம் வந்திட்டுது, அதுதான் ஆள் விடுறாள்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ என்ன சொல்லுறாய்? விலகட்டோ?"

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு முறைதான். அந்தத் தாளில் உள்ள பச்சை பச்சையில்லை அண்ணை, நானே அதில் ஒரு பொய் என்று சொல்லியிருக்கவேண்டும். அரை நிமிட வேலை. நான் சொன்னது, "உங்கட விருப்பம் அண்ணை." இதைவிடக் கோழைத்தனமான ஒரு வசனம் எங்கள் பாசையில் இல்லை.

கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம், தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில். எழுபத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு. டேவிட் குப்பை எடுப்பதைப் பற்றியும் பள்ளிக்கூட வாசலில் வாகன நெரிசலைப் பற்றியும் பேசினார். மரினா வாடகை வீடுகளில் பூஞ்சணம் பிடித்த சுவர்களைப் பற்றியும், ரேடியேற்றர் வேலை செய்யாத வீட்டில் தான் வளர்ந்ததைப் பற்றியும் பேசினாள். மண்டபம் மூச்சு விடாமல் கேட்டது.

அண்ணை புதுக் கோட்டோடு எழுந்தார். மிதுஷா எழுதிக் கொடுத்த பேச்சு கையில் இருந்தது. இரண்டு வசனம் வாசித்தார். மூன்றாவதில் ஒரு சொல் தடக்கியது. தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு மனதிலிருந்து பேசத் தொடங்கினார். அப்போதே நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடுநடுவே "யா, யா" என்று ஜெர்மன் வந்தது. கூட்டத்தை நடத்திய தலைவர் அம்மா நேரம் முடிகிறது என்று கையைக் காட்டினார். கடைசி வசனத்தைத் தமிழில் நினைத்து இங்கிலிஷில் சொன்னார் அண்ணை. உங்கள் ஒவ்வொருவருடைய வீட்டையும் எனக்குத் தெரியும், எந்த வீட்டில் என்ன குறை என்று தெரியும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு: நீங்கள் எல்லோரும் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கிலிஷில் அது சண்டியர்கள் மிரட்டும்போது சொல்கிற வசனம். மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புத்தான். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அண்ணைக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. தன்னுடைய பேச்சு பிடித்துவிட்டது என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பொயிலர் நின்ற வீடுகளில் இவருக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த சனம்தானே இது. வாக்குச்சீட்டு கைக்கு வந்தபோது மரினாவும் தெரியவில்லை, கவுன்சிலும் தெரியவில்லை. கிருஷ்ணராசா என்ற பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். பேனை சீட்டைக் கிழிக்காதது அதிசயம்.

எண்ணி முடிக்கக் கால் மணித்தியாலம் ஆகவில்லை. தலைவர் அம்மா வாசித்தார். மரினா நாற்பத்தொன்று. டேவிட் இருபத்தொன்பது. கிருஷ்ணராசா நான்கு.

கைதட்டினார்கள். அண்ணையும் தட்டினார். எழுந்து போய் மரினாவுக்குக் கை கொடுத்தார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கதிரை அடுக்கப் போனார்கள். அவ்வளவு கதிரை அடுக்குவதற்கு அவ்வளவு பேர் தேவையில்லை.

வெளியே வானுக்குப் பக்கத்தில் அவர் தனியாக நின்றார். பிள்ளைகளும் அக்காவும் முன்னாலேயே நடந்து போய்விட்டார்கள். நான் கிட்டப் போய், "அண்ணை" என்றேன். நானாவது போட்டேன் என்று சொல்லத்தான் போனேன். சொல் நாக்கு நுனியில் நின்றது.

அவர் முந்திக்கொண்டார். "நாலு, தேவன். எங்கட வீட்டில நாங்கள் நாலு பேர். ஊர் முழுக்க விட்டிட்டுது, சரி. வீடு விடேல்ல." கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு பிடிப்பு இருந்தது. "மனுசியும் போட்டிருக்கிறாள், பிள்ளையள் ரெண்டும் போட்டிருக்குதுகள். எனக்கு அது போதும், காணும்."

நான் போட்டேன் என்று சொன்னால் நான்கில் ஒன்று கழியும். மூன்றுதான் மிஞ்சும். அந்த வீட்டில் நான்கு பேர். "ஓம் அண்ணை, அதுதானே பெரிசு" என்று சொல்லி அவரை வானில் ஏற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மிதுஷா வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். என் மனுசி கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் பிள்ளை இருந்து அழத் தொடங்கினாள்.

"மாமா, நான் அப்பாவுக்குப் போடேல்ல."

நான் கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே இருந்தேன்.

"மரினா அக்கா ரேடியேற்றர் வேலை செய்யாத வீட்டில தான் வளர்ந்த கதை சொன்னவா எல்லே, அப்ப எனக்கு..." பாதியில் இங்கிலிஷுக்குத் தாவினாள். மரினா பேசியது தனக்காகப் பேசியதுபோல இருந்ததாம். தன்னைப்போல ஒருத்தி கவுன்சிலுக்குப் போவது தன்னுடைய வாழ்நாளில் பெரிய விஷயம் என்று தோன்றியதாம். மறுபடி தமிழுக்கு வந்தாள். "அப்பாவுக்கு நாப்பத்தாறு இருக்குத்தானே மாமா. எப்பிடியும் வெல்லுவார். என்ர ஒண்டு குறைஞ்சா ஒண்டும் ஆகாது, அக்காவுக்கும் ஒண்டு விழட்டும் எண்டு நினைச்சன். எல்லாரும் எனக்கு ஓம் எண்டுதானே சொன்னவை."

"அது ஓம் இல்லைப் பிள்ளை," என்றேன். அந்த இரட்டை ஓமின் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன், எல்லாம் முடிந்த பிறகு. எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் விளங்காமல் பார்த்தாள். "ஆனா அப்பா ஓம் எண்டா ஓம்தானே மாமா. எங்கட வீட்டில அப்பிடித்தானே."

அதுதான். அந்தப் பிள்ளை தமிழ் கற்றது அவரிடம். அவருக்கு வேறு ஓம் தெரியாது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே கணக்குப் பார்த்தாள். "அப்பா, அம்மா, நிருஜன். மூண்டு. நாலாவது ஆர்?" என்னைப் பார்த்தாள். நான்தான் என்று தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிப்போடாதேங்கோ மாமா. அப்பா அந்த நாலைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்."

"ஓம் பிள்ளை, சொல்லமாட்டன்," என்றேன். இந்த ஓமில் பாப்பம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. மண்டபத்தில் கதிரை அடுக்கியவர்களுக்கெல்லாம் மனம் உறுத்தத் தொடங்கியது. மனோர் பார்க் முருகன் கோயிலில் அண்ணையைக் கண்டால், "அண்ணை, நான் உங்களுக்குத்தான் போட்டனான், மற்றவங்கள் மாறிப்போட்டாங்கள்" என்று ஒருவர் சொல்வார். மீன்கடையில் இன்னொருவர். பொயிலர் சர்விசுக்குப் போன வீட்டில் புருசன் ஒரு பக்கம், மனுசி ஒரு பக்கம். அவர்களுக்கு அது ஒரு ஆறுதல் வார்த்தை. அந்த நான்கும் எவருடையவை என்று தனக்குத் தெரியும் என நினைக்கிற மனிதருக்கு ஒவ்வொன்றும் ஒரு அறை. அண்ணை எல்லோருக்கும் "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பொயிலர் திருத்தக் கூப்பிட்டால் போனார். சப்பாத்தை ஓரமாக வைத்தார். வேலையை முடித்தார். முன்பு தேத்தண்ணி கொடுத்தால் இருந்து குடித்துவிட்டு வருவார், இப்போது வேண்டாம் என்று வந்துவிடுவார்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி போட்டேன். மூன்று சீனி போடுகிற மனிதர், சீனி வேண்டாம் என்றார்.

"முப்பத்தொரு பேர், தேவன்," என்றார். "நேற்றோட முப்பத்தொரு பேர் தாங்கள்தான் எனக்குப் போட்டதெண்டு சொல்லிப்போட்டினம். நாலு வாக்குக்கு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நான் மண்டையைப் போட்டு உடைக்கிறன். ஏன் எல்லாரும் பொய் சொல்லுறாங்கள்? போடேல்ல எண்டு சொன்னா நான் என்ன கடிக்கவோ போறன்?"

நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஒருத்தன்தான் இண்டைவரைக்கும் ஒண்டும் சொல்லேல்ல. நானும் கேக்கக்கூடாது எண்டுதான் இருந்தனான். ஆனா இனி ஏலாது." கோப்பையை மேசையில் வைத்தார். "நீ எனக்குப் போட்டனியோ?"

அந்த மேசைக்கு மேலே எங்கள் இருவருக்கும் நடுவில் உண்மை கிடந்தது. கையை நீட்டி எடுத்தால் நான் தப்பிவிடுவேன். அவர் நம்புவார். என்னை எப்போதும் நம்பியவர். நம்பிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில், அந்த ஒன்றைக் கழித்துப் பார்ப்பார். பிறகு அந்த வீட்டில் சாப்பிட இருக்கிற ஒவ்வொரு நேரமும் மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இல்லை அண்ணை," என்றேன். "மரினாவுக்குத்தான் போட்டனான்."

அவர் என்னை நேரே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் பிடித்துவிடுவார் என்று பயம்.

"ஏன்?"

"உங்கட இங்கிலிஷ் காணாது அண்ணை."

அதுவும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதான். அதனால் சுலபமாக வந்தது.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டே, "முப்பத்தொரு பேர் பொய் சொல்லிச்சினம். நீ ஒருத்தன்தான் எனக்கு உண்மை சொன்னனீ," என்றார். அதில் பாராட்டும் இருந்தது, முடிவும் இருந்தது. கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காமல் போனார்.

பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை. நான் இரண்டு முறை போன் எடுத்தேன். நகுலேஸ்வரி அக்கா எடுத்து, அவர் வேலையில் நிற்கிறார் என்றார். என்னால் அழ மட்டும்தான் முடிந்தது. அழுதேன், அதை ஏன் மறைக்கவேண்டும்? அறுபது வயதில் ஒரு சிநேகிதனைப் புதிதாகத் தேட ஏலாது.

வைகாசியில் மிதுஷாவுக்குக் கலியாணம். எங்கள் வழக்கத்தில் நெருங்கினவர்களுக்கு வீட்டுக்கு வந்து, வெற்றிலைத் தட்டத்தில் வைத்துத்தான் கலியாணக் கார்ட் கொடுப்பார்கள். அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. எனக்குக் கார்ட் தபாலில் வந்தது. என் மனுசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் அவருக்கும் என்ன நடந்தது?" என்று கேட்டாள். அரசியல் என்றேன்.

கலியாணத்துக்குப் போனோம். மண்டபத்தில் நல்ல சனம், அந்த முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். அண்ணை பட்டு வேட்டி சால்வையோடு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். முன்னால் போனவர்களிடம், "வாடா, என்ன பிந்திப்போனாய்" என்று முதுகில் தட்டினார். எங்கள் முறை வந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்கோ வாமதேவன்," என்றார். "இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகோணும் நீங்கள்."